சுளிக்காத மூக்கு

திரிந்த பாலை என் வீட்டுக்காரர் மடக் மடக்கென்று குடித்தார். கொட்டுவதற்காக நான் எடுத்து வைத்திருந்த பால் அது. குழாயைத் திறந்துவிட்டுத் திரும்புவதற்குள் டம்ளர் காலி. மீசையில் வெள்ளையாக ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்கை நீட்டி அதையும் வழித்துக்கொண்டார். வாயைப் பொத்திக்கொண்டு நின்ற என்னை அவர் உற்றுப் பார்த்தார்.

"ஏன் கோபமா இருக்க? உனக்குன்னு வச்சிருந்தியா?" என்று கேட்டார்.

கோபமாம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனுக்கு என் முகத்தில் இருப்பது கோபமா அருவருப்பா என்று தெரியவில்லை. போன வருஷம் வரைக்கும் இந்த வீட்டில் அருவருப்பு என்ற ஒன்றை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தவரே அவர்தான்.

அவர் நகராட்சியில் உணவு ஆய்வாளர். ஆபீசில் எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டல் சமையலறைக்குள் காலெடுத்து வைக்காமல், வாசலில் நின்றபடியே எந்தப் பெட்டியில் எது கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் மூக்கைச் சுளித்தால் கடைக்காரனுக்கு உதறல் எடுக்கும். வீட்டிலும் அதே கெடுபிடிதான். தண்ணீர் டம்ளரை முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார். சோற்றில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்கு அவருக்குப் பட்டினி, எனக்குப் பாட்டு.

நான் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுகிறவள். பெற்ற பிள்ளைகளே எட்டி நின்று பார்க்கிற கிழவர்களைத் துடைத்துக் கழுவிப் படுக்க வைப்பது என் வேலை. அதில் எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. அவருக்குத்தான் கூசும். நான் வேலை முடிந்து பின்பக்கமாக வந்து, குளித்து, வேறு துணி உடுத்திய பிறகுதான் முகம் பார்த்துப் பேசுவார். "உங்க மூக்குக்குத் தனியா ஒரு பொண்டாட்டி பார்த்திருக்கலாம்" என்று கேலி செய்வேன். அவரும் ஆமாம் என்பார்.

அந்த மனுஷன் ஒருநாள் மீன் வைக்கும் குளிர்கிடங்கில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மண்டையில் யாரோ சம்மட்டியால் அடித்தது போல இருந்ததாம். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்றில் ஒரு கொப்புளம். அதிலிருந்து லேசாகக் கசிந்திருக்கிறது, முழுதாக உடைந்தால் ஆளே மிஞ்ச மாட்டார் என்றார்கள். சிலருக்கு மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பியை விட்டுக் கொப்புளத்தை உள்ளிருந்தே அடைத்துவிடலாமாம். இவருக்குக் கொப்புளத்தின் கழுத்து அகலம். வெளியிலிருந்து போய்க் கிளிப் மாட்டித்தான் ஆக வேண்டும்.

அதற்கென்றே ஒரு பெரிய டாக்டர் இருந்தார். பாதி மண்டையைத் திறக்காமல், புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு ஜன்னல் போட்டு உள்ளே போகிறவர். வார்டில் அவருக்குப் பெயர் புருவத்து டாக்டர். இந்த முறையை வைத்து அவர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரையும் அதில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். உயிரோடு திருப்பிக் கொடுத்தால் போதும், எதில் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

திருப்பித்தான் கொடுத்தார். பொய் சொல்லக் கூடாது. எழுந்தார், நடந்தார், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். புருவத்து முடிக்குள் தழும்புகூடத் தெரியவில்லை. மறுபடி எடுத்த ஸ்கேனில் மட்டும், உள்ளே ஆழத்தில், மூளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிற ஓரிடத்தில் நகத்தளவு வெள்ளையாக ஒரு புள்ளி. கிளிப் மாட்டும்போது பக்கத்திலிருந்த நூல் மாதிரி ஒரு சின்னக் குழாய் அடைபட்டுப் போய்விட்டதாம். இதனால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அது பேசாத இடம்மா. கை கால் அசைவு, பேச்சு, ஞாபகம் எதுவும் அங்க இல்ல. நாங்க பெரிசா எடுத்துக்கறதில்ல. நீங்களும் எடுத்துக்காதீங்க" என்றார் டாக்டர்.

நானும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் காலில் விழாத குறையாக நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் முன்னால் ஒரு பரிசோதனை வைத்தார்கள். ஒரு பெண் முகங்களின் படங்களைக் காட்டிக்கொண்டே வந்தாள். சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோபம், பயம், ஆச்சரியம். இவர் ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னார். ஒரு கட்டுப் படத்தை மட்டும் அவள் எடுக்கவே இல்லை, மேசை ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள். எனக்குக் கை சும்மா இருக்குமா? திருப்பிப் பார்த்தேன். மேலே மூக்கைச் சுளித்து உதட்டைத் தூக்கி நிற்கிற ஒரு பெண்ணின் முகம். கீழே புழு, சீழ், நிரம்பி வழியும் கழிப்பறை.

"அதை யாருக்கும் காட்டறதில்லம்மா. இந்த ரூம் காலியா கிடைக்கறதே சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடிதான். காட்டினா அப்புறம் ஒருத்தரும் சாப்பிட மாட்டேங்கறாங்க, நர்ஸ் எங்களைப் பிடிச்சுக் கத்தறாங்க" என்றாள்.

நல்ல காரியம் என்று நானும் சிரித்தேன். அந்த அறைக்கு வந்துபோன அத்தனை பேருக்கும் அந்தக் கட்டு கவிழ்ந்தேதான் கிடந்திருக்கிறது. அத்தனை பேருக்கும் முழு மார்க்.

வீட்டுக்கு வந்த புதிதில் எனக்குக் கொண்டாட்டம்தான். வேலை முடிந்து வந்தவளை வாசலிலேயே கட்டிக்கொண்டார். இன்னும் குளிக்கவில்லை என்று விலகினேன். அதனால் என்ன என்றார். சாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவருக்குப் பொண்டாட்டியின் அருமை தெரிந்துவிட்டது என்று நினைத்து நான் கண் கலங்கினேன். என்ன ஒரு மடத்தனம். கட்டிக்கொண்டது பாசத்தால் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருஷம் இடையில் நின்ற சுவரை இடித்தது பாசம் இல்லை, அந்த நகத்தளவு புள்ளி.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. ஒருநாள் என் பல் துலக்கும் பிரஷ்ஷால் அவர் துலக்கிக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் குப்பைக் கூடையில் நான் போட்ட பாதி முட்டையை எடுத்து, ஒட்டியிருந்த தூசியை ஊதிவிட்டுச் சாப்பிட்டார். பக்கத்து வீட்டு நாய் எங்கள் படியில் வாந்தி எடுத்துவைத்தபோது, என்னைக் கூப்பிடாமல் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். நல்ல மனசுதான். அதே கைக்குட்டையால் பிறகு முகத்தையும் துடைத்துக்கொண்டார். நான் ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். வாசலில் நின்று, ஏன் கோபம் என்று கேட்டார்.

மாடியில் குடியிருக்கும் என் நாத்தனாரிடம் சொல்லி அழுதேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடைத்துக்கொண்ட சாக்கடையைக்கூட இப்போது அண்ணனே கையை விட்டு எடுத்துவிடுகிறார், உனக்குக் கசக்கிறதா என்று கேட்டாள். கசக்கவில்லை, குமட்டுகிறது. அவர் கை என் தட்டுப் பக்கம் நீண்டால் நான் தட்டை நகர்த்துகிறேன். அவர் நெருங்கிப் படுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். ஊரார் வீட்டுக் கிழவர்களைக் கூசாமல் துடைக்கிற எனக்குச் சொந்தப் புருஷனின் விரலைத் தொடக் கூசுகிறது. இதை எந்த வாயால் வெளியில் சொல்வேன்?

இந்த நேரத்தில்தான் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வரலாம், டாக்டர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். முதல் வேலையும் தயாராக இருந்தது. பெற்றோர் இல்லாத பிள்ளைகள் தங்கும் விடுதியில் சாப்பாடு சரியில்லை என்று புகார். மூக்கர் போனால்தான் சரிப்படும் என்று மேலதிகாரியே சொன்னாராம். இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே சட்டையை எடுத்துத் தேய்த்து மாட்டினார்.

அந்தப் பிள்ளைகளுக்கு வேறு நாதியில்லை. இவர் நல்லது என்று சொன்னால் தட்டில் விழுவதைத்தான் அவர்கள் தின்றாக வேண்டும். சந்தேகம் வேண்டாம் என்று நானே ஒரு சோதனை வைத்தேன். கறி வாங்கி, மூடி போட்ட டப்பாவில் வெளியிலேயே விட்டுவைத்து, அது பச்சை பூத்து நாறத் தொடங்கிய பிறகு அவர் முன்னால் திறந்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் குனிந்து நிதானமாக முகர்ந்தார். வெளியில் வைத்துக் கெட்டுப்போன கறி, எத்தனை நாள் ஆகியிருக்கும் என்றுகூடச் சரியாகச் சொன்னார். மூக்கில் ஒரு கோளாறும் இல்லை.

"ஒரு சமையல்கட்டுல இதைப் பார்த்தா என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சட்டப்படி தூக்கிப் போடணும். ஆனா ஏன் தூக்கிப் போடணும்னுதான் இப்ப புரியல. நல்லா வேக வச்சா ஆச்சு. பாவம், அவனுக்கும் நஷ்டம்தானே?"

அவருடைய வாயிலிருந்து பாவம் என்ற வார்த்தை கடைக்காரனுக்காக வந்து நான் கேட்டதே இல்லை. டப்பாவை மூடி, பிளாஸ்டிக் பையைச் சுற்றிச் சுற்றிக் கட்டி வைத்தேன்.

நாத்தனார் வேண்டவே வேண்டாம் என்றாள். இன்னும் கொஞ்ச காலம்தான் சர்வீஸ், கூடப் போகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ போய் வாயை விட்டால் அண்ணன் மூலையில் உட்கார்ந்தே செத்துப் போவார் என்றாள். அவள் சொன்னதும் பொய் இல்லை. மூக்கர் என்று யாரும் கூப்பிடாத ஒரு நாளை அவர் எப்படிக் கழிப்பார் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.

ரத்தக்குழாய் டாக்டர்கள் பல இடங்களிலிருந்தும் கூடுகிற கூட்டம் அன்றைக்கு. புருவத்து டாக்டர் தன் ஆராய்ச்சியைப் படித்துவிட்டு, நன்றாகத் தேறியவர் என்று என் வீட்டுக்காரரை மேடையேற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. வேலைக்குப் போகலாம் என்பதையும் அங்கேயே சொல்வதாகச் சொல்லியிருந்தார். மேடைக்குப் பக்கத்து அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். சுற்றிலும் பயிற்சி டாக்டர்கள் ரொட்டித் துண்டும் காப்பியுமாக நின்றார்கள். தேய்த்த சட்டையில் இவர் மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் உள்ளே வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். பாதி கேட்பதற்குள், ஆபரேஷனுக்குப் பிறகு குணம் கொஞ்சம் மாறுவது சகஜம் என்று தோளைத் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். பேச்சு எடுபடாது என்று தெரிந்ததும் மேசைமேல் டப்பாவை வைத்துத் திறந்தேன்.

அறை மொத்தமும் பின்னால் நகர்ந்தது. டாக்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். ஒருவன் வாயிலிருந்த ரொட்டியைக் கையில் துப்பினான். என் வீட்டுக்காரர் மட்டும் முன்னால் குனிந்து, ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன தோணுது?" என்றார் டாக்டர்.

"கெட்டுப் போச்சுன்னு தெரியுது சார். வேற ஒண்ணும் தோணல."

டாக்டர் தலை குனிவார் என்று நினைத்தேன். குறைந்தபட்சம் ஐயோ என்றாவது சொல்வார் என்று நினைத்தேன். அந்த ஆளின் கண் பளபளத்தது. அந்தப் புள்ளி விழுந்த இடத்தில் அடிபட்டால் அபூர்வமாக ஒருவருக்கு இப்படி ஆகலாம் என்று படித்திருக்கிறாராம், கையில் ஒருவர்கூடக் கிடைத்ததில்லையாம். கிடைத்துவிட்டது. பின்னால் நகர்ந்தவர்களையும் கிட்டே கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து டப்பாவை நீட்டினார்கள், இவர் ஒவ்வொருவருக்காகவும் குனிந்து முகர்ந்தார். போன்களில் படம் பிடித்தார்கள். தொடுவீர்களா என்று ஒருத்தி கேட்டாள். விரலை விட்டுத் தொட்டார். கூட்டம் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தது. அதிலும் ஒருவன், யாரோ குடித்துவிட்டுச் சளியைத் துப்பி வைத்திருந்த காப்பிக் கோப்பையை எடுத்து, இதைக் குடிப்பீர்களா என்று நீட்டினான். இவர் மரியாதையாக எழுந்து இரண்டு கையாலும் வாங்கினார்.

நான் பிடுங்கித் தரையில் ஊற்றினேன். சீ, நீங்களெல்லாம் மனுஷங்களா என்று கேட்டேன். இந்தக் கையால் நான் அள்ளாத அசிங்கம் இல்லை. அந்த அறையில் நின்ற வெள்ளைச் சட்டைகளைப் பார்த்து வந்தது போல ஒரு குமட்டல் அதற்கு முன்னால் எனக்கு வந்ததே இல்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? டப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தவளே நான்தான். என்னைப் பார்த்தும் எனக்குக் குமட்டியது.

டாக்டர் அந்தப் பையனை அதட்டிவிட்டு என்னைத் தனியே அழைத்தார். வேலைக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று, மழை வந்தால் குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது போலச் சொன்னார். வேலைக்கு வேண்டாம் என்றதோடு மூக்கர் என்ற பெயரும் போயிற்று.

"அந்தக் கவுத்து வச்ச படங்களை இனிமேலாவது எல்லாருக்கும் காட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"ஆராய்ச்சி நடுவுல மாத்த முடியாதும்மா. மத்தவங்களோட ஒப்பிட முடியாம போயிடும். உங்க வீட்டுக்காரரைப் பத்தி மட்டும் தனியா ஒரு கட்டுரை எழுதறேன்."

பிறகு மேடை. வேண்டாம் என்று இவர் கையைப் பிடித்தேன். இத்தனை பேர் என் மூக்கைப் பற்றிக் கேட்கிறார்கள், வா என்று என்னையும் இழுத்தார். நான் சுவரோரம் நின்றுகொண்டேன். முதலில் பெரிய திரையில் கிளிப் மாட்டும் படம் ஓடியது. துடிக்கிற கொப்புளம், அதன் கழுத்தைக் கவ்வும் கிளிப், அடங்கிப்போன துடிப்பு. கைத்தட்டல். பிறகு இவர் டப்பாவோடு வந்து முகர்ந்தார். முன்வரிசை மொத்தமும் மூக்கைச் சுளித்தது. மறுபடி கைத்தட்டல். கடைசியில் நோயாளிகளையெல்லாம் வண்ணம் பிரித்து ஒரு படம் போட்டார்கள். நல்ல முடிவு என்ற பச்சைக் கட்டத்துக்குள் என் வீட்டுக்காரர் அப்படியே இருந்தார். அவரை அங்கிருந்து யாரும் நகர்த்தவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். டப்பாவை வாங்கிக் குப்பைத் தொட்டியில் எறிந்தேன். வேலைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை அங்கேயே சொல்லிவிட்டேன். விடுதிக்கு வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி ஆபீசுக்குப் பேசுங்கள் என்றேன். அவர் சட்டையின் மடிப்பைத் தடவிக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. சோகத்துக்கான இடம் ஒரு சேதமும் இல்லாமல் பத்திரமாகத்தான் இருந்தது.

"மூக்கு நல்லாத்தானே இருக்கு" என்றார். பிறகு, "அங்க எல்லாரும் ஏன் என் மேல அவ்வளவு கோபமா இருந்தாங்க? நான் சரியாத்தானே சொன்னேன்?"

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"நீகூடக் கொஞ்ச நாளா கோபமாத்தான் இருக்க. நான் கிட்ட வந்தாலே முகம் அப்படி ஆயிடுது. என்ன தப்பு பண்ணேன்னு சொல்லு, திருத்திக்கறேன்."

உண்மை நுனிநாக்கு வரைக்கும் வந்தது. கோபம் இல்லை, உங்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது, அதைத் திருத்த உங்களாலும் முடியாது, அந்தப் பெரிய டாக்டராலும் முடியாது என்று சொல்லியிருக்கலாம். என் முகத்தில் அது பச்சையாக எழுதித்தான் இருந்தது. படிக்கத் தெரியாத ஒரே ஆள் அவர்தான். அதற்காக அந்தப் பாழாய்ப்போன புள்ளிக்கு முதல்முறையாக மனசுக்குள் நன்றி சொன்னேன்.

"ஆமாங்க, கோபம்தான். உங்க மேல இல்ல. அந்த டாக்டர் மேல" என்றேன்.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன்" என்று சொல்லி, டப்பாவுக்குள் விட்ட அதே கையால் என் கன்னத்தைத் தடவினார். நாற்றம் மூக்கில் ஏறியது. தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டு, அந்தக் கையை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இன்னும் கோபம் போகல" என்று சிரித்தார்.